நாற்பத்தேழு வினாடி

அத்தியாயம் 11

சபூறா மாமி வருகிறார் என்றால் நளீமின் வீட்டில் முதலில் தொலைக்காட்சிக்குத்தான் முக்காடு விழும்.

செவ்வாய்க்கிழமை காலையிலும் அப்படித்தான். சுல்பிகா பழைய மேசைவிரிப்பால் அதை மூடிவிட்டுக் குசினிக்குள் போனாள். கொதிக்கும் ஆணத்தைக் கிண்டியபடியே மகளுக்குக் கட்டளை போட்டாள்.

"மாமி என்ன சொன்னாலும் ஓம் எண்டு சொல்லு. எதிர்த்துக் கதைக்காத."

"எதுக்கு ஓம் உம்மா? படிப்ப நிப்பாட்டவும் ஓமா?"

"இப்ப ஓம் சொல்லு. மத்தத வாப்பா வந்து பாத்துக்குவாரு."

நாளைக்குப் பல்கலைக்கழகத்தில் முஸ்பிறா தன் ஆய்வுக் கட்டுரையை வாசிக்க வேண்டும். நான்கு வருடப் படிப்பின் கடைசிப் படி அது. "மருமகள் கம்பசில் பேய்ப்படம் பார்த்துப் பட்டம் எடுக்கப் போகிறாளாம்" என்று யாரோ மருதமுனைக்குக் காவிக்கொண்டு போனதும், நேரில் வந்து அதற்கு முடிவு கட்டுகிறேன் என்று மாமி சொல்லி அனுப்பியதும் போன வாரத்துக் கதை. வாப்பா நளீமோ தன் லாத்தாவின், மூத்த அக்காவின், வாக்குக்கு எதிர்வாக்குச் சொல்லி அறியாதவர். கல்முனைப் பட்டினத்தில் இரும்புக் கடை வைத்து நாலு பேரை வேலை வாங்குகிற மனிதர், சபூறா மாமி முன்னால் மட்டும் கைகட்டி நிற்பார்.

பத்து மணிக்கு வாசலில் திரீவீல் நின்றது.

மாமிக்கு அறுபத்து மூன்று வயது. மெலிந்த, நிமிர்ந்த உடம்பு. கணவர் மௌத்தான பிறகு மருதமுனையில் பெண்களுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் அவர் பேசுவதைக் கேட்கப் பாண்டிருப்பு எல்லையில் இருந்துகூடப் பெண்கள் வருவார்கள். அவருடைய வீட்டுச் சுவரில் ஒரு புகைப்படம் கிடையாது. மகனின் கல்யாணத்துக்கு வந்த வீடியோக்காரனை வாசலோடு திருப்பி அனுப்பியவர்.

கதிரையில் உட்கார்ந்ததும் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"புள்ள, இஞ்ச வா. நீ படிக்கிறது என்ன படிப்பு?"

"தமிழும் ஊடகமும் மாமி. நாளைக்கு வாசிக்கிற கட்டுரை ஒரு படத்தப் பத்தினது."

"பேய்ப்படம்."

"ஓம் மாமி."

"பேய் பாத்து அறிவு வளருமா?"

குசினி வாசலில் நின்ற சுல்பிகா கண்ணால் கெஞ்சினாள். முஸ்பிறாவுக்கு அது தெரிந்தது. ஆனாலும் ஒன்றரை வருட உழைப்பை அவளால் விட்டுக்கொடுக்க முடியவில்லை.

"மாமி, நான் பயப்படுறதுக்காகப் பாக்கல்ல. எங்களுக்குப் படிப்பிக்கிற சுஜிந்தன் சேர் முதல் நாளே சொன்னாரு, 'பேயைப் பாத்துப் பயப்பிட எல்லாருக்கும் ஏலும். அந்தப் பயத்தை எப்பிடிச் செய்திருக்கிறாங்க, ஏன் செய்திருக்கிறாங்க எண்டு பாருங்க' எண்டு. அதுக்கு வழிகள் இரிக்கி."

"என்ன வழி?"

மாமி உண்மையாகவே கேட்கிறாரா, மடக்குவதற்குக் கேட்கிறாரா என்று தெரியவில்லை. முஸ்பிறா சொல்லத் தொடங்கினாள். கதையை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் காட்சியை மட்டும் பார்ப்பது ஒன்று. கமரா எங்கே நிற்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வருகிறது, வெட்டாமல் எத்தனை வினாடி ஓடுகிறது என்று எண்ணிப் பார்ப்பது.

"இன்னொண்டு, பேய் எண்டது வெளியில இருந்து வாறதில்ல எண்டு பாக்கிறது. ஒரு வீட்டுல எத மூடி மறைச்சு வச்சிரிக்காங்களோ, அதுதான் பேயாத் திரும்பி வருது."

மாமியின் விரல்கள் தஸ்பீஹ் மணியில் நின்றன.

"அப்புறம், பேய் ஏன் எப்பவும் ஒரு பொம்பள எண்டு கேக்கிறது. இந்தப் படத்துல அவ ஒரு சொல்லும் கதைக்கல்ல. முகத்தக்கூடக் காட்டல்ல. கடைசியா, இந்தப் படம் எங்க, எப்பிடி எடுத்த, அதுல வேல செஞ்ச யாருட பேர விட்டுட்டாங்க எண்டு தேடுறது. இதுல எங்க மாமி பாவம் இரிக்கி?"

"என்ன படம் அது?"

"பழைய படம். 'அலைமாளிகை'. எழுபத்தெட்டுல எடுத்த. கொழும்புக் கொம்பனி ஒண்டு. கிழக்குக் கரையில எடுத்தது எண்டு மட்டும் எழுதியிரிக்கி."

மாமி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை முஸ்பிறா தன் பக்கத்து வெற்றியாக எடுத்துக்கொண்டாள்.

"காட்டட்டா மாமி? ஒரே ஒரு காட்சி. பாட்டு இல்ல, ஆட்டம் இல்ல. நாப்பத்தேழு வினாடிதான். பாத்திட்டு ஹறாம் எண்டு சொன்னா நான் நிப்பாட்டுறன்."

"முஸ்பிறா!" என்று சுல்பிகா அதட்டினாள்.

"காட்டட்டும்," என்றார் மாமி.

கணவரின் லாத்தாவான மச்சி ஒரு திரையைப் பார்க்கச் சம்மதித்ததைச் சுல்பிகா கல்யாணம் முடித்து வந்த நாளில் இருந்து கண்டதில்லை.

முஸ்பிறா மடிக்கணினியைத் திறந்து மாமியின் முன்னால் வைத்தாள். அந்தக் காட்சியை அவள் எத்தனை முறை பார்த்திருப்பாள்? ஐம்பது, அறுபது. எந்த வினாடியில் அலை உடையும் என்பதுகூட மனப்பாடம்.

கறுப்பு வெள்ளைக் கடல். வாடைக்காலத்துக் கடல், நுரை கக்கிக்கொண்டு. வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண் நமக்கு முதுகு காட்டியபடி கரையோரம் நடக்கிறாள். காட்சி மாறுகிறது. இப்போது அவள் தண்ணீருக்குள் நிற்கிறாள். இடுப்பளவு. பிறகு மார்பளவு. ஒரு அலை அவள் மேல் விழுந்து எழும்புகிறது. அவள் தலை மட்டும் தெரிகிறது. பிறகு இரண்டு கைகள் உயர்கின்றன. விரல்கள் விரிகின்றன. ஒரு கை மறைகிறது. மற்றக் கை மெதுவாக அசைகிறது, கரையில் நிற்பவரை 'வா' என்று கூப்பிடுவதைப்போல. கமரா அசையாமல் பார்த்துக்கொண்டே நிற்கிறது. கை மறைகிறது. வெறும் கடல்.

"இதைத்தான் மாமி எல்லாரும் புகழுறாங்க. 'பேயின் அழைப்பு' எண்டு சொல்லுவாங்க. அந்தக் காலத்துல தண்ணிக்குள்ள நிக்கிறத இப்பிடி வெட்டாமல் எடுத்த காட்சி குறைவு. ஆனா நான் ஒண்டு கண்டுபுடிச்சன்." அவள் குரலில் பெருமை ஏறியது. "பேயா நடிச்ச நடிகைட உயரம் வேற. தோளும் வேற. தண்ணிக்குள்ள நிக்கிறது அவ இல்ல, வேற யாரோ ஒரு பொம்பள. அவட பேர் படத்துல ஒரு இடத்துலயும் இல்ல. என்ட கட்டுரையே அதப் பத்தினதுதான். பேரில்லாத ஒடம்பு."

"பேர் இரிக்கி," என்றார் மாமி.

முஸ்பிறாவுக்கு விளங்கவில்லை. "என்ன மாமி?"

மாமியின் முகத்தில் இரத்தம் இல்லை. உதடு மட்டும் அசைந்தது.

"பேர் இரிக்கி புள்ள. கமீலா. அது எங்கட கமீலா."

---

கமீலா என்ற பெயர் அந்த வீட்டில் எப்போதாவதுதான் கேட்கும். வாப்பாவின் இரண்டாவது லாத்தா. பதினைந்து வயதில் கடலில் குளிக்கப் போய் மௌத்தானவர், மையித்து கரையடையவில்லை. முஸ்பிறாவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இந்தக் கரையில் கடல் எடுத்த பேர்கள் இல்லாத குடும்பம் ஏது? சுனாமி வந்த பிறகு கமீலாவும் அந்தப் பெரிய கணக்கோடு சேர்ந்துவிட்டார். எந்த வருடம், எப்படி என்று யாரும் கேட்பதில்லை.

"மச்சி, ஒங்களுக்கு ஒடம்புக்குச் சரியில்லயா?" சுல்பிகா ஓடிவந்து தோளைப் பிடித்தாள். "வயசான கண்ணு. பழைய படம். ஆரோ ஒரு பொம்பளயப் பாத்து..."

"முன்னால நடந்து போறது நான், சுல்பிகா."

இருவரும் அவரைப் பார்த்தார்கள்.

"முதுகு காட்டி நடக்கிறது நான். தண்ணிக்குள்ள நிக்கிறது கமீலா. எங்களுக்கு மாத்தி மாத்திக் கட்டினது ஒரே சேல."

முஸ்பிறாவின் கை தானாகப் போய் மடிக்கணினியின் மூடியைப் பிடித்தது. மூட முடியவில்லை. திரையில் வெறும் கடல் உறைந்து நின்றது.

சபூறா மாமி அழவில்லை. ஓதிக்கொடுக்கும்போது சொல்வதைப் போலவே ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

எழுபத்தெட்டு, சூறாவளி வந்த வருடத்தின் தை மாதம். படக்காரர்கள் கடற்கரையில் கூடாரம் அடித்திருந்தார்கள். மருதமுனை, சாய்ந்தமருதுப் பெண்கள் வேலிக்குள் இருந்து எட்டிப் பார்த்தார்கள். நடிகைக்குக் கடல் பயம். தண்ணீரில் கால் வைக்கமாட்டேன் என்றாளாம். முகம் பூசுகிற அம்மா ஒருத்தி வீடு வீடாக வந்து, முகம் விழாது, முதுகு மட்டும்தான், ஒரு மணித்தியாலம் நடந்தால் போதும் என்று கேட்டாள்.

"எனக்குப் பதினேழு வயசு. ஆசை. வேற என்ன சொல்ல? ஆசைதான். வாப்பா சூடடிப்புக்குச் சாகாமத்து வயலுக்குப் பெய்த்தாரு. உம்மா தம்பி நளீமோட காய்ச்சல்ல கிடந்தா. நான் கமீலாவையும் இழுத்துக்கிட்டுப் போன. அவள் வரமாட்டன் எண்டுதான் சொன்னாள். தனியாப் போகப் பயத்துல நான்தான் இழுத்த."

"அப்புறம் மாமி?"

"நடந்த. நல்லா நடக்கிறாய் எண்டாங்க. அப்புறம் தண்ணிக்குள்ள எறங்கச் சொன்னாங்க. முழங்காலுக்கு மேல நான் போகல்ல. தோணா வாய் வெட்டிக் கிடந்திச்சு. ஆத்துத் தண்ணியும் கடலும் சேர்ந்து இழுக்கிற இடம். எனக்குத் தெரியும். நான் ஏலாது எண்ட. இவள் சிரிச்சாள். 'லாத்தா பயந்தாங்கொள்ளி, நான் போறன்' எண்டாள். சேலய அவிழ்த்து அவளுக்குக் கட்டினது என்ட கைதான். நனைஞ்ச சேல. காலச் சுத்திக் கிடந்திச்சு."

மாமி தன் உள்ளங்கைகளைப் பார்த்தார்.

"அவள் கையத் தூக்கின ஒடனே எனக்கு விளங்கிட்டு. நான் கத்தின. ஓடின. ஒரு ஆள் என்ட கையப் புடிச்சு இழுத்து நிப்பாட்டினான். 'பிரேமுக்குள்ள போகாத, பிரேமுக்குள்ள போகாத' எண்டான். எனக்கு அண்டைக்கு பிரேம் எண்டா என்னண்டு தெரியாது."

குசினியில் ஆணம் அடிப்பிடித்து மணத்தது. யாரும் எழும்பவில்லை.

நாளைக்கு வாசிக்க வேண்டிய கட்டுரையின் பதினேழாம் பக்கம் முஸ்பிறாவின் கண்முன் நின்றது. 'இந்தக் கையசைவு மிரட்டல் அல்ல, அழைப்பு. இங்கே பேய் தன் உடம்பைத் தானே ஆள்கிறது.' அவளே எழுதியது. சுஜிந்தன் சேர் அதற்குப் பக்கத்தில் 'மிக நன்று' என்று எழுதியிருந்தார். போன மாதம் வகுப்பில் அந்தக் காட்சியைப் பெரிய திரையில் போட்டபோது எல்லோரும் கைதட்டினார்கள். முதலில் தட்டியது அவள்.

பதினைந்து வயதுப் பிள்ளை உயிருக்குத் துடித்ததை அவள் வினாடி வினாடியாக நிறுத்தி, அளந்து, பெயர் வைத்திருக்கிறாள். அறுபது தடவை.

அவள் எழும்பிக் கிணற்றடிக்கு ஓடினாள்.

---

சுல்பிகா கடைக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்ன பத்து நிமிடத்தில் நளீம் வந்துவிட்டார். சட்டையில் இரும்புத் தூசு. வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்ன லாத்தா இது? என்ன கதை இது?"

சபூறா தம்பியை நிமிர்ந்து பார்த்தார். மறுபடியும் முழுவதையும் சொன்னார். இந்த முறை இன்னும் சுருக்கமாக. நளீம் கேட்கக் கேட்கச் சுவரில் சாய்ந்து, சாய்ந்தபடியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அப்போது மூன்று வயது. கமீலா லாத்தாவின் முகம் அவருக்கு ஞாபகமே இல்லை.

"குளிக்கப் போன எண்டுதானே சொன்னீங்க. நாப்பத்தாறு வருசமா எனக்கு அப்பிடித்தானே சொன்னீங்க."

"வாப்பா உம்மாட்டச் சொல்லி அப்பிடித்தான் சொல்ல வச்சாரு. படத்துல நடிக்கப் போன புள்ள எண்டு ஊர் கதைக்கும். மௌத்தானவளுக்கும் பேர் கெடும், மிச்சம் இருக்கிறவளுக்கும் மாப்பிள்ள கிடைக்காது எண்டாரு. படக்காரங்க மத்த நாளே கூடாரத்தப் புடுங்கிக்கிட்டுப் பெய்த்தாங்க."

நளீம் எழும்பினார். நேரே மடிக்கணினியிடம் போனார்.

"இத அழி."

கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு வந்த முஸ்பிறா வாசலில் நின்றாள். "வாப்பா..."

"அழி எண்டு சொல்றன்! என்ட லாத்தா சாகிறத ஊர் பாக்கிறதா? கம்பசில எல்லாருக்கும் போட்டுக் காட்டுறதா? நீ படிச்சது போதும்."

வாப்பா அவளிடம் இப்படிக் குரல் உயர்த்தியதே இல்லை. முஸ்பிறா அந்தக் கோப்பைத் தேடினாள். அழித்துவிடலாம் என்றுதான் அவளுக்கும் இருந்தது. இதை இனி ஒருபோதும் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தது.

"கை வைக்காத."

சொன்னது சபூறா மாமி.

"லாத்தா, ஒங்களுக்குப் பைத்தியமா? நீங்களா சொல்றீங்க?"

"நளீம், அவளுக்கு ஒரு படம் இல்ல. ஒரு கபுறு இல்ல. அவள் போட்ட சட்டையக்கூட உம்மா தாங்க ஏலாம ஆருக்கோ குடுத்திட்டா. அவள் இருந்தாள் எண்டதுக்கு இந்த ஒலகத்துல மிச்சம் இது ஒண்டுதான்." மாமி முஸ்பிறாவின் பக்கம் திரும்பினார். குரல் அப்போதுதான் உடைந்தது. "புள்ள, அந்தக் கைய ஒருக்காக் காட்டு. நிப்பாட்டி வச்சுக் காட்டு. ஒனக்குத் தெரியும்தானே நிப்பாட்ட."

முஸ்பிறா வாப்பாவைப் பார்த்தாள். வாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தடுக்கவில்லை.

அவள் நிறுத்தினாள். இருபத்தெட்டாவது வினாடி. விரிந்த விரல்கள்.

மாமி திரையை நெருங்கிக் குனிந்தார். புகைப்படம் தொங்காத வீட்டுக்காரி, தன் சுட்டுவிரலால் அந்தச் சாம்பல் நிற விரல்களைத் தொட்டார். ஒவ்வொன்றாக.

"சின்ன வெரல் வளைஞ்சிரிக்கி பாரு," என்றார் மெதுவாக. "நெய்யிற தறியில அடிபட்டது."

நளீம் அதைப் பார்க்க வந்தார். பார்த்தார். பிறகு மேல்சட்டையின் கையால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினார். சுல்பிகா அவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். தொடவில்லை, சும்மா நின்றாள்.

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. யாருக்கும் சோறு இறங்கவில்லை. தொழுதுவிட்டு வந்த மாமி, தொழுகைப் பாயை மடிக்காமலே கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"நாளைக்கு நீ இத வாசிக்கக்குள்ள ஆரெல்லாம் இருப்பாங்க?"

"நான் வாசிக்கமாட்டன் மாமி. சேருக்குச் சொல்லிடுறன். நான் எழுதினது எல்லாம் பிழை."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"எங்கட வகுப்பு. சேர்மார். அப்புறம்..." முஸ்பிறா தயங்கினாள். "படத்துக்குக் கமரா புடிச்சவர் இருக்காரு. நான்தான் தேடிப் புடிச்சன். அந்தோனிப்பிள்ளை எண்டு, வத்தளையில இருக்காரு. எம்பத்திரண்டு வயசு. நாளைக்கு வீடியோவுல வந்து கதைக்கிறன் எண்டு சொல்லியிருக்காரு."

மாமி ஒரு அடி முன்னால் வந்தார்.

"அவருட நம்பர் ஒன்னட்ட இரிக்கா?"

"லாத்தா, வேணாம்," என்றார் நளீம்.

"எடு," என்றார் மாமி.

---

நாலாவது மணியில் அந்தோனிப்பிள்ளை எடுத்தார். முஸ்பிறா சத்தத்தை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"ஆ, கல்முனைப் பிள்ளையா! நாளைக்குப் பத்து மணிக்குத்தானே? மகள் எல்லாம் சரிசெய்து வச்சிருக்கிறா." கிழவரின் குரலில் சந்தோஷம் பொங்கியது. தன் வேலையை நாற்பது வருடத்துக்குப் பிறகு ஒருத்தி தேடி வந்த சந்தோஷம்.

"சேர், அதுக்கு முன்னால ஒண்டு கேக்கணும். கடல் காட்சி. தண்ணிக்குள்ள இறங்கின பிள்ளைக்கு என்ன நடந்த?"

அழைப்பு அறுந்துவிட்டதோ என்று முஸ்பிறா திரையைப் பார்த்தாள். அறுந்திருக்கவில்லை.

"யார் சொன்னது உங்களுக்கு?"

மாமி கையை நீட்டித் தொலைபேசியை வாங்கினார்.

"நான் சபூறா. அவட லாத்தா. முன்னால நடந்த புள்ள."

"உயிரோட இருக்கிறீங்களா அம்மா," என்றார் கிழவர். அது கேள்வியாக இல்லை.

"கமரா எவ்வளவு நேரம் ஓடின?"

"படத்தில இருக்கிறது நாற்பத்தேழு செக்கன். நான் பிடிச்சது நாலு நிமிசம்."

நளீம் கதிரையின் கையைப் பிடித்தார். நாலு நிமிடம்.

"ஏன் நிப்பாட்டல்ல?"

"டைரக்டர் நிப்பாட்டச் சொல்லயில்லை. அவர் இப்ப இல்லை, அவரில பழியைப் போட்டுத் தப்பலாம். நானும் நிப்பாட்டயில்லை. முதல் கொஞ்ச நேரம் பிள்ளை நல்லா நடிக்குது எண்டு நினைச்சன். பிறகு தெரிஞ்சுது. தெரிஞ்ச பிறகும் கண்ணைக் கமராவில இருந்து எடுக்கயில்லை. அதுக்கு என்னட்டப் பதில் இல்லை அம்மா. இவ்வளவு வருசமாத் தேடுறன்."

மாமி கண்ணை மூடித் திறந்தார். முஸ்பிறா எதிர்பார்த்த சாபமோ கூச்சலோ வரவில்லை.

"மிச்சத்த என்ன செஞ்சீங்க?"

"வெட்டச் சொன்னாங்க. வெட்டினன். எறிய மனம் வரயில்லை. றீல் என்னட்டத்தான் கிடக்குது. மகள் போன வருசம் கம்பியூட்டரில ஏத்தி வச்சவ." கிழவர் தொண்டையைச் செருமினார். "நாலு நிமிசத்தில கடைசி ஒரு நிமிசம் கரை. கமராவைத் திருப்பினனான். எல்லாரும் தண்ணிக்குள்ள ஓடுறாங்க. உங்களை அதுக்கு முன்னமே கூடாரத்துக்குள்ள இழுத்துக்கொண்டு போயிட்டாங்க. உங்கட வாப்பாவை நாலு பேர் பிடிச்சு இழுக்கிறதும் அதில விழுந்திருக்குது. பாவம் மனுசன், கழுத்தளவு தண்ணியில நிண்டு..."

"எங்கட வாப்பா இல்ல," என்றார் சபூறா. "வாப்பா அண்டைக்குச் சாகாமத்துல. சூடடிப்புக்குப் போயிருந்தவரு."

"இல்லை அம்மா. மீராசாதானே அவருட பேர்? காலமையில இருந்து எங்களோடதான் நிண்டவர். கமரா வண்டிக்குப் பின்னால. தோணா வாயில அலை நல்லா எழும்பும் எண்டு இடம் காட்டித் தந்ததே அவர்தான். உங்கள் ரெண்டு பேரையும் அவர் சம்மதிச்ச பிறகுதானே கூட்டிவரச் சொல்லி ஆள் அனுப்பினம். அவரை நீங்கள் காணக்கூடாது, கண்டால் வெட்கத்தில நடக்கமாட்டீங்கள் எண்டு அவர்தான் மறைஞ்சு நிண்டவர்."

தொலைபேசி மாமியின் கையில்தான் இருந்தது. ஆனால் அவர் அதைக் கேட்டதைப் போலவே இல்லை.

முஸ்பிறா மெல்ல அதை வாங்கி, "சேர், நான் திரும்ப எடுக்கிறன்," என்று சொல்லி வைத்தாள். தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போல் ஒலித்தது. மீராசா மூத்தவாப்பாவை, வாப்பாவின் தகப்பனை, அவள் கண்டதில்லை. பள்ளிவாசல் நிர்வாகத்தில் மரைக்காராக இருந்தவர். அவருடைய பேரைச் சொன்னால் இன்றைக்கும் கடைத்தெருவில் வாப்பாவுக்கு மரியாதை கிடைக்கும்.

"வயசாளி," என்றார் நளீம். "எம்பத்திரண்டு வயசு. ஆள மாத்திக் கதைக்கிறாரு. லாத்தா, கணக்கெடுக்க வேணாம்."

"வாப்பா மௌத்தாகும் வரைக்கும் என்னோட ஒரு சொல்லும் கதைக்கல்ல நளீம்." சபூறா யாரையும் பார்க்காமல் சொன்னார். "இருவத்தொரு வருசம். பெருநாளைக்கு நான் ஸலாம் சொன்னா முகத்தத் திருப்புவாரு. தங்கச்சியக் கொண்டு போய்க் கொன்றவளுக்கு அது தகும் எண்டு நான் இருந்தன். சிரிக்கவும் இல்ல, படம் பாக்கவும் இல்ல. ஊருல ஒரு புள்ள வாசல்ல நிண்டு சிரிச்சாலும் உள்ளுக்குப் போ எண்டு ஏசின. எல்லாம் அதுக்குத்தான்."

"லாத்தா, வாப்பாட பேர்... ஊருக்குள்ள..."

"அவரு என்னைப் பாக்க வெறுத்தாரா, வெக்கப்பட்டாரா?"

நளீம் மடிக்கணினியின் மூடியைச் சாத்தினார்.

சபூறா மாமி எழும்பினார். மடிக்காத தொழுகைப் பாயைச் சுல்பிகாவிடம் கொடுத்தார். அபாயாவின் முன்பக்கத்தைச் சரிசெய்தார். முஸ்பிறாவின் முன்னால் வந்து நின்றபோது, படிப்பை நிறுத்த வந்த பெண்ணின் முகம் அதில் இல்லை. பதினேழு வயதில் கரையில் ஒருவன் பிடித்து நிறுத்திய பெண்ணின் முகம் இருந்தது.

"நாளைக்குப் பத்து மணியா?"

"ஓம் மாமி."

"நான் வாறன். அந்த ஆளுக்குச் சொல்லு, நாலு நிமிசத்தையும் போடச் சொல்லி."

"மாமி, ஒங்களால தாங்க ஏலாது. கமீலா மாமி..."

"கமீலாவ நான் பாத்திட்டன் புள்ள. அண்டைக்கும் பாத்த, இண்டைக்கும் பாத்த." அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குக் கடைசி நிமிசத்தப் பாக்கணும். அவள் போகக்குள்ள வாப்பாட முகம் எப்பிடி இருந்திச்சு எண்டு பாக்கணும்."